பேரிடரும் உள்ளாட்சியும்: கடமை ஓரிடம், அதிகாரம் வேறிடம்

புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ தாக்கும்போது முதல் பொறுப்பு யாருடையது? தலைநகரிலிருந்து ஆணையிடும் அரசுடையதா, மாவட்ட ஆட்சியருடையதா, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சிகள், நகராட்சிகளுடையதா? நூறாண்டுக்கும் மேலாகக் கேட்கப்படும் கேள்வி இது. பஞ்சம், போர், புயல், கொள்ளைநோய் என ஒவ்வொரு பேரழிவுக்குப் பின்னும் அது மீண்டும் எழுந்திருக்கிறது. நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் விடை மாறியிருக்கிறது.

அந்த விடைகளை மூன்று நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம். ஆபத்தில் ஒரே தலைமைதான் வேண்டும் என்பது முதலாவது. மக்களுக்கு மிக அருகில் இருக்கும் உள்ளாட்சியே முன்னிற்க வேண்டும் என்பது இரண்டாவது. அரசு அமைப்புகள் எதையும்விட ஊர்ச் சமூகமே உண்மையான முதல் மீட்பர் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வலுவான சான்றுகள் உண்டு. மூன்றையும் அசைத்த நிகழ்வுகளும் உண்டு.

பஞ்சமும் போரும் தந்த மரபுகள்

பேரிடர் என்றதும் இந்தியாவில் எல்லோரும் கலெக்டர் அலுவலகத்தை நோக்கிப் போவதற்குப் பின்னால் பஞ்சத்தின் வரலாறு இருக்கிறது. 1876–78 ஆண்டுகளின் தென்னிந்தியப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்த பின் அமைந்த பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை தந்தது. 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. பஞ்சத்தின் அறிகுறிகளைக் கணிப்பது, நிவாரண வேலைகளைத் தொடங்குவது, கஞ்சி ஊற்றுவது ஆகிய பணிகளின் பொறுப்பு கலெக்டர், தாசில்தார், கர்ணம் என்ற வருவாய்த் துறை வரிசையிடம் சென்றது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1882-இல், ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் வெளிவந்தது. சாலை, தெருவிளக்கு, சாக்கடை, பள்ளி, மருத்துவமனை போன்றவை நகரசபைகளுக்கும் மாவட்ட, தாலுகா போர்டுகளுக்கும் உரியவையாகத் தொடங்கின. அன்றாடக் காரியம் உள்ளாட்சிக்கு, ஆபத்துக் காலம் கலெக்டருக்கு என்ற பாகப்பிரிவினை அப்போது நடந்தது. அதன் எல்லைக்கற்கள் இன்றும் பெரிதாக நகரவில்லை.

பிரிட்டனின் சொந்த மண்ணில் வேறு மரபு வளர்ந்தது. விமானக் குண்டுவீச்சு அச்சுறுத்திய நாளில் இயற்றப்பட்ட 1937-ஆம் ஆண்டின் வான்தாக்குதல் முன்னெச்சரிக்கைச் சட்டம், குடிமக்களைக் காக்கும் ஏற்பாடுகளைச் செய்யும் கடமையை உள்ளூர் மன்றங்கள் மீதே சுமத்தியது. 2004-ஆம் ஆண்டின் குடிமை அவசரநிலைச் சட்டமும் காவல், தீயணைப்பு, மருத்துவ சேவைகளோடு உள்ளூர் மன்றங்களை முதல் நிலைப் பொறுப்பாளர்களாக வைத்தது. ஜப்பானில் 1959-ஆம் ஆண்டின் இசே விரிகுடாப் புயலில் ஏறக்குறைய 5,000 பேர் இறந்தனர். இரண்டாண்டுகளில் வந்த பேரிடர் எதிர்கொள்ளல் அடிப்படைச் சட்டம், மக்களை வெளியேறச் சொல்லும் அதிகாரத்தை நகரத் தலைவர்களுக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் தந்தது.

முதல் நிலைப்பாடு: ஒரே தலைமை

ஒருமுகத் தலைமையை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதம் எளிமையானது. பேரிடர் ஊர் எல்லையை மதிப்பதில்லை. ஹெலிகாப்டர், படகு, இராணுவம், வானிலைத் தகவல் ஆகியவை மேலேதான் இருக்கின்றன. பல கைகள் ஒரே நேரத்தில் ஆணையிட்டால் குழப்பமே மிஞ்சும்.

ஒடிசா இதற்கு நல்ல சான்று. 1999-ஆம் ஆண்டின் பெரும்புயலில் அங்கே ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். அதன்பின் மாநில அளவில் தனிப் பேரிடர் அமைப்பு உருவாகி, கடற்கரையெங்கும் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. 2013-இல் பைலின் புயல் வந்தபோது பத்து இலட்சத்தை ஒட்டிய மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் நின்றது. மாநிலத் தலைமையின் தெளிவான திட்டமிடல் இல்லாமல் அவ்வளவு மக்களை அவ்வளவு விரைவில் நகர்த்தியிருக்க முடியாது.

இந்த நிலைப்பாட்டின் மீதான முதன்மையான விமர்சனம் அமெரிக்கச் சமூகவியலாளர்களிடமிருந்து வந்தது. 1963-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கியவர்களில் என்ரிகோ குவாரன்டெல்லியும் ரஸல் டைன்ஸும் அடங்குவர். ஆபத்தில் மக்கள் பீதியில் சிதறி ஓடுவார்கள், எனவே படைத்தலைமை போன்ற கட்டுப்பாடு தேவை என்ற எண்ணத்தையே அவர்கள் கேள்விக்கு உட்படுத்தினர். பெரும்பாலான பேரிடர்களில் மக்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதையும், நடைமுறையில் இருக்கும் உள்ளூர் உறவுகளின் வழியாகவே மீட்பு நடப்பதையும் அவர்களின் கள ஆய்வுகள் காட்டின.

மேலிருந்து வரும் ஆணை தாமதமானால் நேரும் விளைவுக்கு 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவைத் தாக்கிய வெள்ளம் ஓர் உதாரணம். கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் அதிகாரம் வட்டார அரசிடம் இருந்தது. வலென்சியா பல்கலைக்கழகம் முந்தைய நாளே வகுப்புகளை நிறுத்திவிட்டது. வட்டார அரசின் எச்சரிக்கையோ இரவு 8 மணிக்குப் பிறகே போய்ச் சேர்ந்தது. அதற்குள் பல ஊர்களின் தெருக்களை வெள்ளம் மூடியிருந்தது. 220-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இரண்டாம் நிலைப்பாடு: அருகில் இருப்பவரே முன்னிற்க வேண்டும்

எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார், எந்தப் பள்ளியின் கூரை தாங்கும், மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரின் வீடு எது என்பவை மாவட்டத் தலைநகரிலிருந்து தெரிவதில்லை. வார்டு உறுப்பினருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் தெரியும். உள்ளாட்சியை முன்னிறுத்துவோரின் அடிப்படை இதுதான். ஐ.நா. அவையின் 2015-ஆம் ஆண்டு செண்டாய் செயல்திட்டமும் உள்ளூர் அமைப்புகளுக்கு வளமும் முடிவெடுக்கும் பொறுப்பும் தரப்பட வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

இதற்கு மிக வலுவான சான்றுகளில் ஒன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையில் உள்ள ஃபுடாய் என்ற சிற்றூர். பத்து முறை தொடர்ந்து ஊர்த் தலைவராக இருந்த கோட்டோகு வாமுரா, 1896, 1933 ஆண்டுகளின் ஆழிப்பேரலைகளை மறக்காதவர். வீண்செலவு என்ற எதிர்ப்பை மீறி 15.5 மீட்டர் உயரத்தில் வெள்ளக் கதவு கட்ட அவர் விடாமல் முயன்றார். 1984-இல் அது முடிந்தது. 1997-இல் அவர் இறந்தார். 2011 மார்ச் 11 அன்று அலை வந்தபோது கதவுக்குப் பின்னிருந்த ஊர் தப்பியது; படகைப் பார்க்கச் சென்ற ஒருவர் மட்டுமே காணாமல் போனார். உள்ளூர் நினைவு, நீண்ட பதவிக்காலம், செலவிடும் உரிமை ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்ததால் விளைந்த பயன் இது.

இந்தியாவில் அகமதாபாத் மாநகராட்சியைச் சொல்லலாம். 2010 மே மாத வெப்ப அலையில் அந்நகரில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வு கணக்கிட்டது. பொது நலவாழ்வு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2013-இல் மாநகராட்சி வெளியிட்ட வெப்பச் செயல்திட்டம் தெற்காசியாவில் முதலாவது. வண்ணக் குறியீட்டு எச்சரிக்கை, குடிநீர்ப் பந்தல், மருத்துவமனை ஊழியர்களுக்குப் பயிற்சி என எளிய நடவடிக்கைகளால் ஆன அந்தத் திட்டத்தைப் பின்னர் பல நகரங்களும் மாநிலங்களும் பின்பற்றின. 2020 ஏப்ரலில், வெளியூர்களிலிருந்து திரும்புவோரைத் தனிமைப்படுத்தும் பணிக்காக, ஒடிசா அரசு ஊராட்சித் தலைவர்களுக்குத் தத்தம் எல்லைக்குள் கலெக்டரின் அதிகாரத்தையே வழங்கியது. ஒருமுகத் தலைமைக்குப் பெயர்பெற்ற மாநிலம் எடுத்த முடிவு என்பதால் அது கூடுதல் கவனத்துக்குரியது.

ஆனால் உள்ளாட்சியே பேரிடரில் அழியக்கூடும். அதே 2011 அலையில் ஜப்பானின் ஓட்சுச்சி நகரில், நகர மன்றக் கட்டடத்தின் முன் அவசரக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த நகரத் தலைவரும் ஏறக்குறைய 40 ஊழியர்களும் பலியானார்கள். 2013-இல் ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் டக்ளோபான் நகரைத் தாக்கியபோது, உதவ வேண்டிய நகர ஊழியர்களும் காவலர்களும் தாங்களே வீடிழந்தவர்களாக நின்றார்கள். இப்படிப்பட்ட நாளுக்கு வெளியிலிருந்து வரும் கை தேவை.

வசதி இருந்தால் போதும் என்பதும் உறுதியில்லை. லண்டனின் செல்வம் மிகுந்த பகுதிகளுள் ஒன்றான கென்சிங்டன்–செல்சியில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்தனர். அடுத்த நாள்களில் உயிர் பிழைத்தோருக்கு இடமும் உணவும் தகவலும் தருவதில் உள்ளூர் மன்றம் தடுமாறியது. தேவாலயங்களும் மசூதிகளும் தன்னார்வலர்களும் அந்த இடத்தை நிரப்பினார்கள். 2024 செப்டம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கை மன்றத்தின் ஆயத்தமின்மையைக் கடுமையாகச் சாடியது.

மூன்றாவது பலவீனம் எல்லை பற்றியது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது செம்பரம்பாக்கம் ஏரி பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்தது. கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம், நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். அடையாற்றின் மேற்பகுதியில் நீரில் சிக்கிய முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற இடங்கள் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, சிறு ஊராட்சிகளாக இருந்தன. ஆறு ஒன்று, அதன் கரையில் முடிவெடுப்போர் பலர். மாநகராட்சி எவ்வளவு திறமையாக இயங்கினாலும் மேலே திறக்கப்படும் நீரின் அளவு அதன் கையில் இல்லை.

மூன்றாம் நிலைப்பாடு: ஊரே முதல் மீட்பர்

1995-ஆம் ஆண்டின் கோபே நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும்தான். 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரியின் நல்லவாடு மீனவர் கிராமத்துக்கு வந்த எச்சரிக்கை அரசிடமிருந்து வரவில்லை. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொல்ல, கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது.

அதே ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கரையோரத்தில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் ஆற்றிய பணி பரவலாகப் பதிவாகியிருக்கிறது. இறந்தவர்களின் பட்டியல், படகு இழந்தவர்களின் கணக்கு, நிவாரணப் பொருள் பங்கீடு ஆகியவற்றை இந்த மரபு அமைப்புகள் முறையாக நடத்தின. தேர்தலோடு தொடர்பில்லாத அவை, சட்டப்படி அமைந்த ஊராட்சிகளைவிட விரைந்து செயல்பட்டன.

இந்த வலிமையின் மறுபக்கமும் அங்கேயே தெரிந்தது. தமிழ்நாட்டுக் கடலோரக் கிராமங்களை ஆராய்ந்த டேனியல் ஆல்ட்ரிச், இறுகிய ஊர்க்கட்டு உள்ளே இருப்பவரை விரைவாகத் தூக்கி நிறுத்துகிறது, வெளியே இருப்பவரை மேலும் தள்ளுகிறது என்று காட்டினார். தலித்துகளும், தனித்து வாழும் பெண்களும், உப்பளம், கூலி வேலைகளை நம்பியிருந்தவர்களும் பல இடங்களில் பட்டியலில் விடுபட்டனர். ஊர்ப் பஞ்சாயத்தை யாரும் தணிக்கை செய்ய முடியாது, தேர்தலில் தோற்கடிக்கவும் முடியாது. இட ஒதுக்கீட்டின் வழியே பெண்களும் தலித்துகளும் அமரும் சட்டப்பூர்வ ஊராட்சிக்கு இந்த இடத்தில்தான் தனிச் சிறப்பு இருக்கிறது. ஊரின் அறிவையும் குடிமக்களின் உரிமையையும் ஒன்றாகக் கோரத்தக்க அமைப்பு வேறில்லை.

இந்தியச் சட்டம்: கடமை உண்டு, பிடி இல்லை

1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு உரியவையாக 29 பொருள்களையும் 18 பொருள்களையும் பட்டியலிட்டன. இரண்டிலும் பேரிடர் மேலாண்மை என்ற தலைப்பு இல்லை. நகராட்சிப் பட்டியலில் தீயணைப்பு இருக்கிறது. மும்பையில் அது மாநகராட்சியின் பணி. தமிழ்நாட்டில் மாநில அரசின் துறை.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராகவும், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதியை இணைத் தலைவராகவும் வைக்கிறது. உள்ளாட்சிகள் ஊழியருக்குப் பயிற்சி தர வேண்டும், கருவிகளைத் தயாராக வைக்க வேண்டும், கட்டுமானங்கள் விதிப்படி எழுவதை உறுதிசெய்ய வேண்டும், நிவாரணமும் மறுவாழ்வும் செய்ய வேண்டும் என்கிறது. இவை அனைத்தும் மாவட்ட ஆணையத்தின் பணிப்புரைக்கு உட்பட்டவை. கடமைப் பட்டியல் நீளமானது. அதற்கு ஈடான சொந்த அதிகாரமும் நிதியும் அதனுடன் வரவில்லை.

2025-ஆம் ஆண்டின் திருத்தம் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழிசெய்தது. நகரத்துக்குத் தனித் திட்டம் வேண்டும் என்று ஏற்றதில் அது முன்னேற்றம். ஆனால் ஆணையத்தின் தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் மாவட்ட ஆட்சியர். மக்கள் தேர்ந்தெடுத்த மேயருக்கு அந்த இரு இடங்களிலும் பங்கில்லை.

மன்றமே இல்லாத காலங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், ஊரகத்தில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினர். புயலுக்கு முன் 80,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது பரவலாகப் பாராட்டப்பட்டது. புயலுக்குப் பின் நிவாரணம் எட்டவில்லை என்று டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் பல ஊர்களில் சாலை மறியல்கள் நடந்தன. இரண்டுக்கும் ஒரே காரணம் சொல்வது பொருந்தாது. வீழ்ந்த மின்கம்பங்களும் அடைபட்ட சாலைகளும் தாமதத்துக்குக் காரணங்கள்தான். ஆயினும் கேட்பதற்கு வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் கோரிக்கை சாலைக்கு வருவது வியப்பல்ல. 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றன. இலங்கையிலும் 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே மாதத்தில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் மாவட்டச் செயலர், பிரதேச செயலர், கிராம அலுவலர் என்ற வரிசையே மக்களுக்கு எஞ்சியது.

கேரளம் வேறு வழியில் சென்றது. 2018 வெள்ளத்தில் ஊராட்சிகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் ஆற்றிய பணியின் தொடர்ச்சியாக, 2019–20-இல் அங்குள்ள 1,034 கிராம ஊராட்சிகள், நகராட்சிகள், மாநகராட்சிகள் தங்களுக்கெனப் பேரிடர் திட்டம் தயாரிக்கும் இயக்கம் தொடங்கியது. 2020 ஊரடங்கில் சமூக உணவுக்கூடங்களை நடத்தியவையும் இவைதான்.

பணம் எங்கே நிற்கிறது

பிலிப்பைன்ஸின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் வழக்கமான வருவாயில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் பேரிடர் நிதிக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அதில் 30 விழுக்காடு உடனடி உதவிக்கு. எஞ்சியது தடுப்புக்கும் ஆயத்தத்துக்கும். இந்த ஏற்பாட்டிலும் குறை உண்டு. ஏழை நகராட்சியின் 5 விழுக்காடு மிகச் சிறிய தொகை. பேரிடர் அதிகம் தாக்குவதும் பெரும்பாலும் அங்கேதான். ஒதுக்கிய தொகை செலவாகாமல் கிடப்பதையும் தணிக்கைகள் சுட்டியிருக்கின்றன.

இந்தியாவில் 15-ஆவது நிதி ஆணையம் 2021–26 ஆண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதிகளுக்காக ரூ. 1,60,153 கோடி பரிந்துரைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தணிப்புப் பணிகளுக்கென முதன்முறையாகப் பிரித்து வைத்தது. இந்த நிதி மாநில அளவில் நிற்கிறது. மாவட்ட அளவில் நிதி அமைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஊராட்சிக்கென நேரடிப் பங்கு எதுவும் இல்லை. வாய்க்காலைத் தூர்வாரவோ, முகாமுக்கு ஜெனரேட்டர் வாங்கவோ ஊராட்சி தன் பொது நிதியைத்தான் நம்ப வேண்டும்.

எது தெளிவு, எது இன்னும் விவாதம்

மூன்று நிலைப்பாடுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று ஓரளவு தெளிவாகிறது. யார் தலைமை என்ற சர்ச்சை பேரிடரின் சில நாள்களையே பெரிதும் சுற்றுகிறது. அந்த நாள்களில் மேலிருந்து வரும் வலிமை தேவை என்பதை ஒடிசாவும் ஓட்சுச்சியும் காட்டுகின்றன. உள்ளாட்சியின் பங்கு அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் பிந்தைய மாதங்களிலும்தான் மிகுதி. நீர்வழியில் கட்டட அனுமதி தராமை, வடிகால் பராமரிப்பு, உதவி தேவைப்படுவோரின் பட்டியல், விடுபட்டவரைச் சேர்ப்பது ஆகியவை அதன் வேலை. ஜப்பான் 2013-இல் செய்த திருத்தம், வெளியேற உதவி தேவைப்படுவோரின் பட்டியலை ஒவ்வோர் உள்ளாட்சியும் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. முன்னரே பெயர் தெரிந்தால்தான் ஆபத்தில் கதவைத் தட்ட முடியும்.

மற்றவை விவாதத்துக்குரியவை. வெற்றிக்குக் காரணம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமா, திறமையான உள்ளூர் நிர்வாகமா? ஃபுடாயில் தேர்தலில் வென்ற தலைவர் இருந்தார். 1994-ஆம் ஆண்டின் பிளேக் பீதிக்குப் பின் சூரத் நகரின் துப்புரவை மாற்றியமைத்ததில் முன்னின்றவர் அரசு நியமித்த ஆணையர். மன்றம் இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் ஒப்பிட்டால் தமிழ்நாடு நல்ல பாடம் தரக்கூடும். ஆனால் ஒரு புயல் இன்னொன்றைப் போல் இருப்பதில்லை என்பதால் முடிவுகளை நிதானமாகவே எடுக்க வேண்டியிருக்கும்.

அளவு பற்றிய கேள்வியும் தீரவில்லை. கேரளத்தில் 941 கிராம ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் சராசரியாக 20,000-க்கும் மேற்பட்ட மக்கள். தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். 2011 கணக்கெடுப்பின்படி சராசரி ஏறக்குறைய 3,000 பேர். கேரளத் திட்டத்தை அப்படியே இங்கே பெயர்த்து நடுவது கடினம். ஒன்றிய அளவிலோ ஆற்றுப் படுகை அளவிலோ ஊராட்சிகள் சேர்ந்து இயங்கும் முறை தேவைப்படலாம். அதற்கான சட்ட வடிவம் இன்னும் உருவாகவில்லை.

நகர்ப்புற ஆணையங்கள் உருவாகும் வேளையில் உடனடியாகக் கவனிக்கத்தக்கவை சில. அவற்றின் திட்டங்கள் வார்டு அளவில் கவுன்சிலர்களோடு சேர்ந்து எழுதப்படுகின்றனவா, தணிப்பு நிதியில் உள்ளாட்சிக்கு உறுதியான பங்கு கிடைக்கிறதா, ஊரகத்துக்கும் இதற்கு இணையான ஏற்பாடு வருகிறதா, உள்ளாட்சித் தேர்தல்கள் உரிய காலத்தில் நடக்கின்றனவா என்பவை அவை. 1880-களில் நடந்த பிரிவினை எந்த அளவுக்குத் திருத்தப்படுகிறது என்பதை இவற்றைக் கொண்டே மதிப்பிட முடியும்.